ஸ்டெல்லா பார்த்த பச்சை

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. ஆசிரியருக்குப் போன் போட்டு, காய்ச்சல் என்றேன். நன்றாக ரெஸ்ட் எடுங்கள் என்றார், பாவம். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு பெண்ணின் முகம் வந்து எதிரே நின்றது. எழுந்துவிட்டேன்.

வழக்கமாக இந்தப் பத்தியில் யாரையாவது வம்புக்கு இழுப்பேன். தண்ணீர் கேன் போடுகிறவர், அபார்ட்மென்ட் செக்ரட்டரி, என் வீட்டுக்காரர்... ஒருத்தரும் தப்பியதில்லை. இந்த வாரமும் ஒரு ஆள் வசமாக மாட்டியிருக்கிறாள். நான்தான். ஆனால் எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

ரெகுலராகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — வாரத்தில் ஒரு நாள்தான் நான் எழுத்தாளர். மற்ற நாளெல்லாம் புரோகிராம் எழுதுகிறவள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் என் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நான், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். ஒரகடம் பக்கம் இருக்கும் நடுத்தரக் கம்பெனிகளுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டியில் ஒரு பெண் ஹெல்மெட்டும் லேப்டாப் பையுமாகப் போவதைப் பார்த்தால், அது நானாக இருக்கலாம்.

அப்படி ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். கார்களுக்கு ரேடியேட்டர் செய்கிறார்கள். ரேடியேட்டர் ஒழுகக் கூடாது இல்லையா? அதனால் ஒவ்வொன்றையும் ஒரு மெஷினில் பூட்டி, உள்ளே காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். கசியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் திரை முழுக்கப் பச்சை. கசிந்தால் சிவப்பு. பச்சை வந்தால் நல்ல டிரேயில் வைக்க வேண்டும், சிவப்பு வந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஆபரேட்டரின் வேலை அதுதான். அந்தப் பச்சையையும் சிவப்பையும் காட்டுகிற புரோகிராம் நான் எழுதியது.

சில வாரங்களுக்கு முன்னால், கார் கம்பெனியிலிருந்து ஒரு ரேடியேட்டர் திரும்பி வந்தது. ஒழுகுகிறது!

கம்பெனியில் அல்லோலகல்லோலம். அந்தப் பீஸின் நம்பரை வைத்து கம்ப்யூட்டர் ரெக்கார்டைப் பார்த்தார்கள். அதற்கு நேராகச் சிவப்பு என்றுதான் பதிவாகியிருந்தது. ஆக, மெஷின் ஒழுகலைக் கண்டுபிடித்துவிட்டது. கம்ப்யூட்டரும் குறித்து வைத்துவிட்டது. பிறகு எப்படி நல்ல டிரேக்குப் போனது? அந்த ஷிஃப்டில் மெஷினில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள்தான் ஸ்டெல்லா.

பிள்ளைப்பாக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு, கான்ட்ராக்டில் ட்ரெயினியாக வந்தவள். வருகிற மாதம் அவளைக் கம்பெனி ரோலில், அதாவது நிரந்தரமாக, எடுப்பதாக இருந்தது. இதன் அருமை எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். கான்ட்ராக்ட் என்றால் ஐடி கார்டுக்கு ஒரு நிறக் கயிறு, கம்பெனி ரோல் என்றால் வேறு நிறம். பெண் பார்க்க வருகிற வீட்டார்கூட இப்போதெல்லாம் முகத்துக்கு முன்னால் அந்தக் கயிற்றைத்தான் பார்க்கிறார்கள். ஸ்டெல்லாவுக்குக் கயிறு மாற வேண்டிய நேரத்தில் இது வந்து சேர்ந்தது.

இந்தப் பகுதியில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரு சடங்கு உண்டு. ஒய்-ஒய் என்பார்கள். ஏதாவது தப்பு நடந்தால், ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அதற்கும் ஏன் என்று கேட்க வேண்டும். இப்படி ஐந்து ஏன் கேட்டால் அடிவேர் கிடைத்துவிடுமாம். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த ஒய்-ஒய்களில் பெரும்பாலானவை எங்கே புறப்பட்டாலும் கடைசியில் ஆபரேட்டர் வாசலில்தான் போய் இறங்கின. டார்கெட்டை ஏற்றியவர் வாசலுக்கு ஒரு ஏன்கூட வழி தவறிப் போய் நான் பார்த்ததில்லை.

ஷிஃப்ட் தொடங்கும்முன் லைன் ஆட்கள் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். அந்த மார்னிங் மீட்டிங்கில்தான் ஸ்டெல்லாவுக்கு ஒய்-ஒய் நடந்தது. சாஃப்ட்வேர் எழுதியவள் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நடத்தியவர் குவாலிட்டி ஹெட் தனசேகர். நல்ல மனிதர். செவ்வாய்க்கிழமை என்றால் வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனிக்குள் நுழைவார். அன்று செவ்வாய்க்கிழமை, நெற்றி நிறைய விபூதி.

ஒழுகும் பீஸ் ஏன் வெளியே போனது? நல்ல டிரேயில் வைத்ததால். ஏன் வைத்தாள்? திரையைச் சரியாகப் பார்க்காததால். இந்த இடத்தில் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள்.

“பச்சதான் சார் வந்துது. பாத்துட்டுதான் வச்சேன்.”

தனசேகர் என் பக்கம் திரும்பினார். திரையில் தப்பாகக் காட்ட ஏதாவது சான்ஸ் இருக்கிறதா மேடம் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. சான்ஸ் இருந்தது.

என்ன சான்ஸ் என்று சொல்ல, கொஞ்சம் கம்ப்யூட்டர் பேச வேண்டும். பயப்படாதீர்கள், கல்யாணப் பந்தியை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

பந்தியில் இலைகளுக்குப் பரிமாறுகிற ஆள் ஒருத்தர் இருப்பார். சமையல்கட்டில் சமைக்கிறவர்கள் பலர். சமைக்கிறவர் பாத்திரத்தைப் பரிமாறுகிறவர் கையில் கொடுக்க வேண்டும், அவர் இலையில் போடுவார். சமையல்காரரே கரண்டியோடு பந்திக்குள் ஓடி வந்தால் என்ன ஆகும்? இடிபடும், கொட்டும், ஏதாவது ஒரு இலைக்குச் சாம்பார் வராமலே போகும்.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். திரையில் எழுதுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அதற்கு மெயின் த்ரெட் என்று பெயர். மெஷினிலிருந்து காற்றழுத்தத்தைப் படிப்பது மாதிரி நேரம் பிடிக்கிற வேலைகளைப் பின்னணியில் வேறு த்ரெட்டுகளிடம் விட வேண்டும். இல்லையென்றால் மெயின் த்ரெட் அங்கேயே காத்துக்கிடக்கும், திரை அப்படியே உறைந்துபோகும். ஆனால் அந்தப் பின்னணி ஆட்கள் திரையில் கை வைக்கக் கூடாது. முடிவை மெயின் த்ரெட்டிடம் சொல்லி அனுப்ப வேண்டும். காலேஜ் பையனுக்குக்கூடத் தெரிந்த விதி இது. எனக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் வெட்கக்கேடு.

இந்தப் புரோகிராமை எழுதியபோது, பின்னணி வேலை நேராகத் திரையைத் தொடுகிற மாதிரி அவசரத்தில் எழுதிவிட்டேன். ஓட்டிப் பார்த்ததும் எரர் வந்தது. ‘இதைத் தொட உனக்கு உரிமை இல்லை’ என்று கம்ப்யூட்டரே சண்டைக்கு வந்தது. மறுநாள் காலை கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். முறையாக மாற்றி எழுதப் பொறுமை இல்லை. அந்தச் சண்டையை நிறுத்த ஒரு வரி உண்டு — ‘யார் தொடுகிறார்கள் என்று பார்க்காதே’ என்று சொல்கிற வரி. அதைச் சேர்த்தேன். எரர் நின்றது. திரையில் அழகாகப் பச்சை வந்தது, சிவப்பு வந்தது, ஆடிட்டர்கள் தலையாட்டினார்கள். அந்த வரியை அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் என்ற நாள் எந்தக் காலண்டரில் வருகிறது?

இந்த மாதிரி செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எப்போதாவது ஒரு தடவை, புது நிறம் திரைக்கு வந்து சேராது. முந்தின பீஸுக்கு வந்த பச்சை அப்படியே நிற்கும். லைனில் வருகிற பீஸ்களில் அநேகமாக எல்லாமே பச்சைதான். இப்போது தெரிகிற பச்சை புதுசா, பழசா என்று ஆபரேட்டருக்கு எப்படித் தெரியும்? ஆனால் ரெக்கார்டில் எழுதுவது வேறு வழி. அது பிசகாது. ஆக, திரையில் பச்சை நிற்கும்போதே ரெக்கார்டில் சிவப்பு ஏறலாம். ஸ்டெல்லா சொன்னது உண்மையாக இருக்கலாம்.

இவ்வளவும் தனசேகர் கேள்வி கேட்ட அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வட்டமாக நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டெல்லாவும் பார்த்தாள். நான் சொன்னேன்:

“ரெக்கார்டுல கரெக்டா செவப்புன்னுதானே சார் இருக்கு.”

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் செய்கிற வேலையை ஒரு உண்மையை வைத்துச் செய்து முடித்தேன். எழுதிப் பிழைக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன? என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்தக் கம்பெனி கையை விட்டுப் போனால் அடுத்தடுத்த கம்பெனிகளிலும் பேர் கெடும் என்ற பயம்.

நான்தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது சார் என்று ஸ்டெல்லா சொன்னாள். மிச்ச ஏன்கள் சுலபமாக நிரம்பின. கவனக்குறைவு. அவளை மெஷினிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவானது. கான்ட்ராக்டரிடம் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்பதை அப்புறம் சொல்வார்களாம்.

நான் தப்பித்தோம் பிழைத்தோம் என்று பார்க்கிங்குக்கு வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பின்னாலிருந்து மேடம் என்று ஒரு குரல். ஸ்டெல்லா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“மன்னிச்சுக்குங்க மேடம். என்னால உங்க சாஃப்ட்வேருக்குக் கெட்ட பேராவ இருந்துது. எனக்கு அப்பிடித் தோணுச்சு, வாயில வந்துடுச்சு.”

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! பரவாயில்லைம்மா என்றேன். பெருந்தன்மையாக. இதை எழுதும்போதும் காது சூடாகிறது. அவள் திரும்பிக் கம்பெனிக்குள் போகும்வரை வண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஆபீசுக்கு வந்ததும் வேலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அந்தப் புரோகிராமைத் திறந்தேன். மெஷினுக்குப் பதிலாகப் பொய்யான எண்களை அதற்குள் ஊட்டி ஓட விட்டேன். பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை... ஒழுங்காகத்தான் ஓடியது. நல்லவேளை, அவள்தான் கவனிக்கவில்லை போல என்று மனசு ஆசைப்பட்டது. அப்படி ஆசைப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். திரையில் பச்சை. ரெக்கார்டில் கடைசியாக ஏறியிருந்தது சிவப்பு. டப்பாவை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை தனசேகரின் ரூமுக்குப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ரிப்போர்ட் நேற்றே கார் கம்பெனிக்குப் போய்விட்டது என்றார். அவர்கள் ஒப்புக்கொண்டு மூடியும் விட்டார்கள். இப்போது சாஃப்ட்வேர் தப்பு என்று திறந்தால், ஏற்கெனவே போன பீஸ்களில் எத்தனை இப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி வரும். அவருக்கும் பதில் சொல்லி மாளாது, எனக்கும் மாளாது.

“சைலன்டா சரி பண்ணிடுங்க மேடம். அந்தப் பொண்ண வெளிய அனுப்பாம நான் பேக்கிங்ல போட்டுடறேன். அதுக்கும் சோறு கெடைக்கும், நமக்கும் தலவலி இல்ல.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சரி சார் என்று சொன்னேன்.

அன்று மாலைக்குள் சரிசெய்துவிட்டேன். சண்டையை நிறுத்தும் அந்த வரியை எடுத்தேன். பின்னணி வேலை முடிவை மெயின் த்ரெட்டிடம் சொல்லி அனுப்புகிற மாதிரி மாற்றினேன். புதுப் பீஸை மாட்டிய உடனே திரை முழுக்கச் சாம்பல் நிறமாக மாறிவிடும், முடிவு வந்தால்தான் நிறம் வரும் என்றும் செய்தேன். இனி பழைய பச்சை யாரையும் ஏமாற்றாது. மொத்தமே சில வரிகள். வேலையை முடித்துக் காபி போட்டேன். ஒரு பெண்ணைப் பேக்கிங்குக்கு அனுப்பியது இந்தச் சில வரிகளின் சோம்பேறித்தனம்தான் என்று நினைத்ததும் காபியைத் தள்ளிவைத்தேன். அந்த வாரம்தான் ஆசிரியரிடம் காய்ச்சல் என்றேன்.

இந்த வாரம் மறுபடியும் அந்தக் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. பேக்கிங்கில் லேபிள் ஒட்டுகிற பிரின்டர் தகராறு. பேக்கிங்கில் யார் இருப்பார் என்று தெரிந்தேதான் போனேன்.

ஸ்டெல்லா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றம். முதலில் பிடிபடவில்லை. கண்ணாடி போட்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டாள். மேடம் பேசியதால்தான் வெளியே அனுப்பாமல் வைத்திருக்கிறோம் என்று தனசேகர் சொன்னாராம். வீட்டில் எல்லோரும் எனக்காக ஜெபம் செய்கிறார்களாம். எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. பேச்சை மாற்ற, கண்ணாடி எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“அன்னிக்கு அப்புறம்தான் மேடம். பச்சன்னு நெனச்சு செவப்ப வச்சுட்டேன்னா கண்ணுல இன்னாவோ கோளாறுதான? கண்ணாடிக் கடையில பாத்துட்டு பவர் ஒண்ணும் இல்லன்னாங்க. நான்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கினேன். இப்பல்லாம் ரோடு கிராஸ் பண்றதுக்கே பயமா கீது மேடம்.”

பவர் இல்லாத கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு நல்ல கண்கள் என்னைப் பார்த்தன. இவளுடைய கயிறு நிறம் மாறாமல் போனதுதான் நான் செய்த கெடுதல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுடைய கண் மேலேயே அவளுக்கு இருந்த நம்பிக்கையை எடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பிரின்டரை அப்படியே விட்டேன். அவளை ஓரமாகக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பந்தி உதாரணமெல்லாம் சொல்லவில்லை. நான் எழுதியது தப்பு, நிறம் மாறாமல் நின்றுவிட்டது, அன்றைக்கே எனக்குத் தெரியும், சொல்லவில்லை. இவ்வளவுதான்.

அவள் டேப் ரோலைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

“அப்ப நான் பாத்தது பச்சதான?”

“பச்சதாம்மா.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் கண்ணாடியைக் கழற்றி, யூனிஃபார்ம் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“என்னிய எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுதான மேடம் கேட்டாங்க.”

பெட்டிக்குத் திரும்பிப் போனாள்.

நேராகத் தனசேகரிடம் போனேன். நாளை மார்னிங் மீட்டிங்கில் நான் பேச வேண்டும் என்றேன். நீங்கள் விடாவிட்டால் கார் கம்பெனிக்கு நானே மெயில் போடுவேன் என்றும் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது மனிதருக்கு. நல்லதுக்குத்தான் சொன்னேன் மேடம், உங்கள் தலையில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்கிறீர்கள் என்றார். கடைசியில், வாங்க என்றார்.

மறுநாள் வட்டத்தின் நடுவே போய் நின்றேன். அன்றைக்கு ஸ்டெல்லா நின்ற அதே மாதிரி. திரையில் இருந்தது பச்சைதான், ஸ்டெல்லா சரியாகத்தான் பார்த்தாள், தப்பு என் புரோகிராமில், அதை மறைத்ததும் நான்தான் என்று சொன்னேன். ரெக்கார்டில் சிவப்பாக இருந்தும் சிவப்புத் தொட்டிக்கு வராத பீஸ்கள் வேறு எவை என்று தொட்டிக் கணக்கோடு ஒப்பிட்டு நம்பர்களை எடுத்திருந்தேன். அதையும் கொடுத்தேன். அவற்றைத் தேடி எடுக்க இப்போது கார் கம்பெனி குடோனில் ஆட்கள் போயிருக்கிறார்கள். ஸ்டெல்லா மறுபடி மெஷினுக்கு வந்துவிட்டாள். கம்பெனி ரோல் விஷயம் கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. அந்தக் கம்பெனியில் எனக்கு அடுத்த வேலை உண்டா என்பதற்கும் அதே ‘பார்க்கலாம்’தான்.

இதோடு முடித்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் நான் பேசி முடித்ததும் என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள். முதலில் ஒருத்தர், பிறகு மொத்த லைனும். தப்பைத் தைரியமாக ஒப்புக்கொண்டாராம் மேடம். ஒரு சூப்பர்வைசர் வந்து, பெரிய மனசு மேடம் உங்களுக்கு என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

செய்யாத தப்பை அதே இடத்தில் நின்று ஒப்புக்கொண்டவளைப் பேக்கிங்குக்கு அனுப்பினோம். செய்த தப்பை ஒப்புக்கொண்ட எனக்குக் கைதட்டல்.

ஸ்டெல்லாவும் தட்டினாள்... அவளாவது தட்டாமல் இருந்திருக்கலாம்.